லாரிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் அம்மா எந்த மூடியையும் சும்மா மூடியதில்லை. என் டிபன் பாக்ஸாக இருந்தாலும் சரி, புத்தகப் பையின் கொக்கியாக இருந்தாலும் சரி, முதலில் அழுத்துவாள், ‘டக்’ என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பாள், பிறகு ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் வேலையில் இருந்தவள் அவள். நான் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். பழக்கம்தான் அவளை விடவில்லை.

நைனாவிடம் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. கார்வேட்டிநகரம் தோப்புகளில் மாங்காய் ஏற்றி, சித்தூர் ஜூஸ் ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வருஷம் சீசன் தொடங்கியதும் லாரி சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. சமதரையில் ஒழுங்காக ஓடும்; ஏற்றம் வந்தால், எவ்வளவு மிதித்தாலும் ஆமையாக நகரும். பின்னால் வரும் பஸ்காரர்கள் நைனாவைத் தெலுங்கிலும் தமிழிலும் பாரபட்சமில்லாமல் திட்டிவிட்டுப் போவார்கள். புத்தூர் மெக்கானிக் அண்ணன் கையடக்கமான ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். டர்போ காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு உண்டான எர்ரர் கோடு வருகிறது என்றார். புது சென்சார் மாட்டினார்கள், கோடு அழிந்தது. அடுத்த ஏற்றத்தில் அது திரும்பி வந்துவிட்டது.

நைனாவுக்கு வெறுத்துப்போயிற்று. லாரியை விற்றுவிட்டு பம்பாய் லைனில் யாரிடமாவது டிரைவராகச் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார். பம்பாய் லைனுக்குப் போன அப்பாக்கள் பண்டிகைக்குத்தான் வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, வீட்டை விட்டு யாரும் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். லாரியை வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

அன்று காலை கேபினைத் துடைக்க ஏறிய அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். டேஷ்போர்டில் அவளுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அது லாரிக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா சாவியைத் திருப்பிவிட்டுப் பொட்டை நகத்தால் உரித்தாள். அடியில் மஞ்சளாக, இன்ஜினில் பழுது என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணை உறுத்துகிறது என்று நைனாதான் நிலைக்கண்ணாடியிலிருந்து பொட்டை எடுத்து வந்து மறைத்திருக்கிறார்.

“அது பாட்டுக்கு சொல்லிக்கினே கீது. நீங்க அது வாய அடச்சி வச்சிக்கினு கீறீங்க” என்றாள் அம்மா. உரித்த பொட்டை, இன்னும் குளிக்காத தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு, மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அவர் வந்ததும், சென்சார் கெட்டுவிட்டதாகக் கோடு சொல்கிறதா, இல்லை சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்று சொல்கிறதா என்று கேட்டாள். அண்ணன் தாடையைச் சொறிந்தார். சேதி வரவில்லை என்றுதான் சொல்கிறது என்றார்.

“அப்ப நடுவுல கீற ஒயர யாரும் பாக்கல, தம்பி.”

இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் போட்டுவைத்தார்கள். அம்மா கருவியை என் கையில் கொடுத்து, அதில் தெரியும் எண் குதித்தால் கத்தச் சொன்னாள். கேபினுக்குள் இருக்கும் இன்ஜின் மூடியைத் தூக்கிவிட்டு, ஒயரைச் சாண் சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனாள். எண் அசையவில்லை. வெயில் ஏறியது. வெளியே நின்றிருந்த நைனா, போதும், இறங்கி வா என்றார். அம்மா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். உதட்டை மடித்துக் கடித்திருந்தாள். புருவம் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. தாகத்தில் நாக்கு வறண்டது, ஆனாலும் தண்ணீர் கேட்கப் பயமாக இருந்தது.

கடைசியில் சென்சாரில் மாட்டும் பிளக்குக்கு வந்தாள். கழற்றி, திரும்ப மாட்டி அழுத்தினாள். ‘டக்’ சத்தம் கேட்டது. அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். அம்மாவுக்கு அது போதாதே. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தாள். அதில் ஒன்று அவள் விரலோடு பின்னால் வந்தது. என் கையில் எண் சட்டென்று விழுந்தது. நான் போட்ட கூச்சலில் நைனா ஓடி வந்தார்.

பிளக்குக்குள், ஒயர் நுனியில் இருக்கும் பின் ஒன்று பூட்டாமலே இருந்திருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் உதறும்போதெல்லாம் பின்வாங்கியிருக்கிறது. சென்சாரை மாற்றியவர்கள் அதே பழைய பிளக்கைத்தான் திரும்ப மாட்டியிருந்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே புதுப் பின் போட்டுக் கொடுத்தார். மதியம் நைனா லோடு ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறிப் பார்த்தார். விளக்கு வரவில்லை. அங்கிருந்தே, வர வேண்டாம் என்று வாங்குகிறவருக்குப் போன் செய்துவிட்டார்.

மாங்காய் சீசன் முடிந்ததும் அம்மா மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். நான் எழுந்திருக்கும்போது அவள் இருக்க மாட்டாள். டிபன் பாக்ஸ் மட்டும் இறுக மூடி வைக்கப்பட்டிருக்கும். அன்றைய கோபம் தீராமல்தான் போய்விட்டாள் என்று நம்பினேன். சாமிமேல்கூட வருத்தமாக இருந்தது.

இப்போது நானும் வேலைக்குப் போகிறேன். பிடிகொடுக்காத ஒரு வேலை கைக்கு அடங்கப்போகும் நேரத்தில் என் உதடும் அப்படியே மடிந்துகொள்கிறது. என்ன கோபம் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கேபினுக்குள் அம்மாவுக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.