ருசி பார்க்காதவளின் பாலாடைக்கட்டி

கட்டியை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை ஒட்டவைத்துக் கேட்கிறாள் ஸெனெபெச். பிறகு முகர்கிறாள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறாள். வாயில் மட்டும் வைக்கமாட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு நடக்கிறது. ஐம்பத்தைந்து நாளைக்கு இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் ஆகாது.

புட்டாஜிராவில் பாதி ஊர் பாலைத் தொடாத நாட்கள் இவை. "மனுசன் நோன்பு இருப்பான், மாடு இருக்குமா? அது பாட்டுக்குச் சுரக்குது," என்பாள். முன்பெல்லாம் மிஞ்சியது சாக்கடைக்குப் போகும். அந்தக் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல்தான் காதுத் தோட்டை விற்று இந்தக் கொட்டகையைப் போட்டாள். இன்றைக்கு ஒன்பது வீட்டுப் பால் அவளிடம் வருகிறது. "மத்தவங்க கடையைச் சாத்துற நேரம்தான் எனக்கு சீசன்!"

உப்புப் பார்ப்பது பக்கத்து வீட்டு ருக்கியாவின் வேலை. இந்த வருடம் பார்த்து ரமலானும் கூடவே வந்துவிட்டது. "பொழுது சாயட்டும்டி, ஒண்ணுக்கு ரெண்டா தின்னுட்டுச் சொல்றேன்," என்று சிரிக்கிறாள் ருக்கியா.

ஆனால் அடிஸ் அபாபா ஹோட்டலுக்குச் சரக்கு எடுக்கும் மெஸ்ஃபின் நட்ட நடு மத்தியானத்தில் வந்து நிற்கிறான். அவன் பெந்தெகொஸ்தேக்காரன், இந்த நோன்பெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"நீங்க மொதல்ல ஒரு துண்டு தின்னு காட்டுங்கக்கா. செஞ்சவங்களே தொடாததை நான் எப்படி வாங்குறது?"

"ஈஸ்டருக்கு வா. தட்டு நெறைய திங்கிறேன்."

"அதுவரைக்கும் ஹோட்டல் காத்திருக்குமா? நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அவன் போய்விட்டால், நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று ஒன்பது வீட்டிலும் அவள்தான் போய்ச் சொல்லவேண்டும். ஒரு துண்டுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று யாரோ காதில் ஓதுகிற மாதிரி இருக்கிறது. கத்தியை எடுத்து அவன் கையில் திணிக்கிறாள்.

"நாப்பது கட்டி இருக்கு. எதை வேணா வெட்டு. உப்புக் கரிச்சா அத்தனையையும் விட்டுட்டுப் போ."

"பைத்தியமாடி உனக்கு?" வாசலில் ருக்கியா தலையில் கை வைத்துக்கொள்கிறாள். "வெட்டினா அந்தக் கட்டி போச்சேடி!"

மெஸ்ஃபின் விவரமானவன். கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு, குனிந்து, அடித்தட்டின் மூலையிலிருந்து ஒன்றை இழுத்து வெட்டுகிறான். மெல்கிறான். கை இன்னொரு துண்டுக்குப் போகிறது.

அவன் வாய் திறப்பதற்குள் ஸெனெபெச் துணியை விரித்து, மீதி முப்பத்தொன்பதையும் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.