காஸ்பர் லிங்க்ஸ் கொடுத்த பெட்டை ஆடு

தென்னாப்பிரிக்காவில், எங்கள் நாமக்வாலாந்து மலைப்பக்கத்தில் ஒரு செம்மறி கைமாறும்போது அதன் பின்னங்கால்கள் இரண்டையும் பிடித்து, தள்ளுவண்டியை உயர்த்துவதுபோல் உயர்த்தி, தலையைத் தரையை நோக்கிச் சாய்த்துக் காட்ட வேண்டும். மூக்கு வறண்டிருந்தால் பேரம் தொடரும். நுரைத்தண்ணீர் வழிந்தால் அது துரத்து நோய். யாரும் துரத்தாமலே ஓடி வந்ததுபோல நின்ற இடத்தில் இரைத்து இரைத்து ஆடு செத்துப்போகும். மருந்து கிடையாது.

டோரிங்பான் ஊரில் ஆட்டைத் தூக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் விற்பவர் தூக்கினால் வாங்குபவருக்குச் சந்தேகம். வாங்குபவர் தூக்கினால் விற்பவருக்குக் கோபம். காஸ்பர் லிங்க்ஸ் தூக்கினால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். முப்பது வருடங்களாக ஊரார் ஆடுகளையெல்லாம் அவர் தூக்கியிருக்கிறார். அவருடைய ஆடுகளை மட்டும் யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. நீதிபதியிடம் போய் யார் சாட்சி கேட்பார்கள்?

அவர் மனைவி சோஃபியா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தபோது பக்கத்துத் தெரு ரகேல் யோசப்தான் வந்து துடைத்து, ஊட்டி, துணி மாற்றினாள். சுரங்கத் தூசி தந்த நோயில் கணவனை இழந்தவள். வாரம் இருமுறை ரொட்டி சுட்டு விற்பாள், கொஞ்சம் ஆடுகளும் வைத்திருந்தாள். சோஃபியாவை அடக்கம் செய்த அன்று, கல்லறை ஓரத்தில் போதகர் முன்னிலையில், ரகேலுக்கு ஒரு பெட்டை ஆடு தருவதாகக் காஸ்பர் சொன்னார். துக்கத்தில் இருக்கும் மனிதன் தாராளமாகப் பேசிவிடுவது உண்டு. மறுவாரம் பட்டியில் நின்று பார்த்தபோது நல்ல ஆடுகளெல்லாம் சினையாக இருந்தன. சினையில்லாமல், கம்பளி அடர்ந்து, பார்வைக்கு லட்சணமாக ஒன்று நின்றது. பழக்கதோஷத்தில் அதைத் தூக்கினார். ஒரு மேசைக்கரண்டி அளவு தண்ணீர் வழிந்தது.

கிறிஸ்துமஸுக்குள் ரகேல் அதை வெட்டிவிடுவாள் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். ரகேல் தூக்கிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அந்த ஆட்டை வைத்தே தாராள மனதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். காஸ்பர் இரண்டாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ரகேல் அதை வெட்டவில்லை. அன்பாகக் கொடுத்ததை யாராவது தின்பார்களா? குளிர்காலம் முழுக்கக் குட்டிகளோடு ஒரே கொட்டகையில் அடைத்தாள். வசந்தத்தில் அது செத்தது. சளி என்றாள். அதன்பின் ஊர் அதை மறந்துவிட்டது, ஒருவரைத் தவிர.

மூன்று வருடம் கழித்து ரகேலின் இருபத்துமூன்று ஆடுகளில் பதினொன்று இரைக்கத் தொடங்கின. மாவட்டக் கால்நடை மருத்துவர் எல்சபே வந்து, செத்த ஆட்டின் நுரையீரலை அறுத்துப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். இது ஒரு கிருமியால் வரும் புற்றுநோய். மூச்சிலும் பாலிலும் பரவும். உள்ளே நுழைந்து வருடக்கணக்கில் சும்மா இருக்கும். தண்ணீர் வழிவது கடைசிக் கட்டத்தில்தான், அதனால் மூக்கு வறண்ட ஆடு நல்ல ஆடு என்று அர்த்தமில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவர் இல்லையா, மனிதருக்கு எய்ட்ஸ் கொண்டுவரும் கிருமியும் இதுவும் ஒரே பெரிய குடும்பம் என்று கூடுதலாக ஒரு தகவல் கொடுத்தார்.

பேருந்து ஓட்டும் டவீட் பின்வரிசையிலிருந்து, "அப்ப ஆடுங்களும் இனி மாத்திர வாங்க ஆஸ்பத்திரி வரிசைல நிக்கணுமா, டாக்டரம்மா?" என்று கேட்டான். ஆட்டிடமிருந்து மனிதருக்கோ மனிதரிடமிருந்து ஆட்டுக்கோ இது தொற்றவே தொற்றாது என்று அவர் மூன்று முறை சொன்னார். அதற்குள் சிரிப்புச் சத்தம் எழுந்துவிட்டது. குடும்பம் என்ற ஒரு சொல்லை மட்டும் ஊர் வீட்டுக்குக் கொண்டுபோனது.

ரகேலின் கணவன் கடைசிக் காலத்தில் மெலிந்துபோயிருந்தது இப்போது பலருக்கு ஞாபகம் வந்தது. அவள் ரொட்டிகள் விற்காமல் கூடையிலேயே காய்ந்தன. தேவாலயத் தேநீர் மேசையில் அவள் ஊற்றிய கோப்பைகள் அப்படியே ஆறின. காஸ்பர் ஒருவர்தான் வாரா வாரம் இரண்டு ரொட்டி வாங்கினார். அதற்கும் அவரைப் புகழ்ந்தார்கள்.

இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ஆடு வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"அந்த நோய் என் பட்டிலேர்ந்து போனது. குடுக்குறதுக்கு முந்தின நாளே தூக்கிப் பாத்தேன். தண்ணி வந்துச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

பிறகு போதகர் மெல்ல வந்து அவர் தோளில் கைவைத்தார். "ஒரு விதவையோட பேரக் காப்பாத்த உங்க பேரயே குடுக்குறீங்களே, காஸ்பர்." கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். காஸ்பர் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆட்ட அவர் மேலும் உத்தமர் ஆனார். உண்மையைச் சொல்லி ஒரு மனிதன் இவ்வளவு பெரிய பொய்யனாகி நான் பார்த்ததில்லை.

ரகேல் மட்டும் அவரை வாசலில் மறித்தாள். "நான் நம்புறேண்ணே. நான் ஒருத்தி நம்பி என்ன ஆவுது? அவுங்க என் ரொட்டிய தொட மாட்டேங்குறாங்க."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"உங்களுதக் கொண்டாந்து தூக்குங்க. எல்லாரும் பாக்க. நோய் என் வீட்டுலேர்ந்து வரலன்னு தெரியட்டும்."

தூக்கி நுரை வழிந்தால் அவர் ஆடுகளை இனி யாரும் வாங்க மாட்டார்கள், பட்டி காலி. இடைப்பட்ட வருடங்களில் இரைத்த இரண்டு ஆடுகளை விடியுமுன் தானே அறுத்துப் புதைத்திருந்தார் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதையும் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சந்தை. பத்தொன்பது ஆடுகளை ஓட்டிவந்து, ஊர் மொத்தமும் வேலியில் சாய்ந்து பார்க்க, ஒன்றொன்றாகத் தூக்கினார். முதல் ஆட்டுக்கு மூக்கு வறண்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே. நான்காவதற்குள் கூட்டம் புன்னகைக்க ஆரம்பித்தது. "விட்டுருங்க மாமா, உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றான் டவீட். தன் ஆட்டுக்கு நோய் இருக்க வேண்டுமே என்று தவித்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஒன்பதாவது ஆட்டைத் தூக்குமுன் அவர் வேலியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். அறுபத்தொரு வயது. சிலர் கடைப்பக்கம் நகரத் தொடங்கியிருந்தார்கள்.

பன்னிரண்டாவது ஒரு கிழட்டுப் பெட்டை. தலை சாய்ந்ததும் இரண்டு மூக்குத் துவாரங்களிலிருந்தும் வெள்ளை நுரையோடு தண்ணீர் கொட்டியது. நின்றபாடில்லை. மணலில் குட்டையாகத் தேங்கியது. போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காஸ்பர் யாரையும் பார்க்கவில்லை. கடைசி ஆளும் பார்த்துத் தீரட்டும் என்பதுபோல் ஆட்டை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார்.

ரகேல் வேலிக்கு உள்ளே வந்தாள்.

"போதும்ணே, எறக்கி விடுங்க," என்றாள். "அதுக்கு மூச்சு முட்டுது."