நல்ல தெலுங்கில் மூடிய தமிழ்ப்பிரிவு

எங்கள் பள்ளியின் தமிழ்ப்பிரிவை மூடியவர்கள் அதில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த தமிழர்கள்தான். அரசாங்கம் கதவைத் தள்ளியது. அவர்கள் தாழ்ப்பாளைப் போட்டார்கள்.

ஆந்திராவில், சித்தூருக்கு வெளியே, மாங்கூழ் ஆலைகளைத் தாண்டி இருக்கிறது அந்த ஜில்லா பரிஷத் உயர்நிலைப்பள்ளி. கடைசியாக நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றது அங்கேதான். கடலைக் கிடங்கு ஒன்றில் தொடங்கிய பள்ளி. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ். பிறகு கட்டடம் வந்தது, ஆய்வகம் வந்தது, சாரணர் படை வந்தது, தொடுதிரைப் பலகையும் வந்தது. ஒவ்வொரு திட்டத்திலும் முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆய்வகத்துக்குத் தண்ணீர்க் குழாய் மட்டும் கடைசிவரை வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற பின், தமிழ்ப்பிரிவில் பிள்ளைகள் குறைவு என்று அதைத் தெலுங்குப் பிரிவோடு சேர்க்கப் பார்த்தார்கள். மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணாவதுலருந்து தமிழ்லயே படிச்சிக்கினு கீது சார். பத்தாவத தெலுங்குல எய்துன்னா எப்டி எய்தும்?"

வழி எனக்குத் தெரியும். பெற்றோர் கமிட்டியைக் கூட்ட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், மண்டல அலுவலகம் வழியாக மேலே அனுப்ப வேண்டும். விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவார்; பெற்றோரை நேரில் கேட்டு அவர் எழுதுவதுதான் முடிவு. எல்லாவற்றையும் முறைப்படி செய்ய வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன்: எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

கமிட்டிக் கூட்டத்துக்கு அதிகாரி வந்தார். தெலுங்கில் கேட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் அதிகார நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் தமிழில் பேசுவது மரியாதைக் குறைவு. பேங்கிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் தமிழன் தமிழனிடமே தெலுங்கு பேசுவான். அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். தமிழ் ஏன் வேண்டும் என்பதை அப்பழுக்கில்லாத தெலுங்கில் விளக்கினார். அடுத்து எழுந்த ஒரு தகப்பனார் இன்னும் ஒருபடி மேலே போய், அதிகாரியையே சிரிக்க வைத்தார்.

"அந்தரூ இந்த பாகா மாட்லாடுதுன்னாரு கதா, இங்கா தமிழம் எந்துகு?" என்றார் அதிகாரி. எல்லோரும் இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, இனித் தமிழ் எதற்கு என்று. பாராட்டு கிடைத்ததும் அவர்கள் முகங்கள் மலர்ந்தன.

நான் எழுந்தேன். இவர்களுக்குப் பேசத்தான் தெரியும், பிள்ளைகளுக்கு எழுத வராது என்றேன்.

"மீரு பேரன்ட்டா சார்?"

நான் பெற்றோர் இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் வெளியாள் பேசக்கூடாது. அந்த விதி அங்கே என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. உட்கார்ந்தேன்.

"இன்னா சார், ஹெட்மாஸ்டரையே உக்கார வச்சிட்டாரு!" என்று வெளியே வந்ததும் அந்தத் தகப்பனார் சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நான் பேசனதுல எதுனா தப்பு கீதா சார்?"

"ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். அதுதான் உண்மை.

தமிழ்ப்பிரிவு தெலுங்குப் பிரிவோடு சேர்க்கப்பட்டது. மகள் இப்போது பத்தாவது. போன வாரம் பஸ் ஸ்டாப்பில் அந்தத் தாயைப் பார்த்தேன்.

"வாய்ல கேட்டா எல்லாம் கரெக்ட்டா சொல்லுது சார். பரிச்சையில பேப்பர வெள்ளையா குட்த்துட்டு வருது. நான் பாத்து சொல்லித் தரலாம்னா எனக்குத் தெலுங்கு படிக்க எங்க தெரியும்?"

பள்ளியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பின்தங்கிய மாணவர்களுக்கென்று புதிய திட்டம் வந்திருக்கிறதாம். மகளை அதில் சேர்த்திருக்கிறார்களாம். தினமும் சாயங்காலம் சிறப்பு வகுப்பு. அதையும் தெலுங்கில்தான் நடத்துகிறார்கள்.