திருப்பூரில் வாங்கிய சிவப்புச் சட்டைகள்

1995 ஐப்பசி மாத டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'திருப்பூரில் பாப்பாவுக்குச் சிவப்புச் சட்டை ஆறு. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது. சுத்தமான பருத்தி.'

மகள் பிறந்து மூன்று மாதம். அவள் உடம்பில் நைலான் படக்கூடாது என்று பிடிவாதமாக இருந்த நான், சூலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

"ஏனுங்க, வெள்ளைக்காரன் வேண்டாம்னு தள்ளுன சட்டைய நம்ம கண்ணுக்குப் போடோணுமாக்கும்? உங்க பழைய வேட்டியக் கிழிச்சாப் போதாதுங்களா?" என்றாள் மனைவி.

"அளவு முன்னப்பின்ன இருந்திருக்கும் அம்மணி. துணி நல்ல துணி" என்றேன்.

குழந்தை எந்நேரமும் சட்டைக் கையைச் சப்பும். உதட்டோரம் சிவந்திருக்கும். துடைத்துவிடுவோம்.

சில சாயங்கள் உடலுக்குக் கேடு என்று வெளிநாட்டார் திருப்பூர்ச் சரக்கைத் திருப்பி அனுப்புவதாக, அடுத்த ஆண்டு பத்திரிகையில் படித்தேன். அதற்குள் சட்டைகள் மகளுக்குச் சிறியவையாகி, மனைவி அவற்றைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்திருந்தாள். உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படித்தவன் ஏமாந்தான் என்று சிரிப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் குழந்தையும் தாய் மடியில் கிடந்து அதே சட்டையைச் சப்புவதைப் பலமுறை பார்த்தேன்.

இரு குழந்தைகளும் நலமாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்தச் சாயம் தடைசெய்யப்பட்ட வகையா என்பதை நான் விசாரிக்கவே இல்லை. இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது.