றெஜினா சொன்ன மந்திரம்

பாரிசின் லா சப்பேலில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள் றெஜினா. சேலைக்கு ஓரம் அடிப்பது, சட்டை தைப்பது, வருகிறவர்களுக்கு விரித்துக் காட்டுவது எல்லாம் அவள்தான். கடலோரக் கிராமமான பேசாலையில் பிறந்தவள். கிறிஸ்தோப்பரைக் கட்டிப் பாரிசுக்கு வந்த புதிதில் இருவருக்கும் இருக்க இடமில்லை. கிறிஸ்தோப்பரின் அக்கா அற்புதராணிதான் புறநகரான ஸ்தேனில் தானும் கணவரும் இருந்த வீட்டில் ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தாள். இரண்டு வருடம் அங்கேதான் சாப்பாடு, படுக்கை.

அந்த இரண்டு வருடத்தை அற்புதராணி மறக்க விட்டதில்லை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போதும், கலியாண வீடுகளிலும் அதே பேச்சு. "இவையை நான்தான் வைச்சுச் சோறு போட்டனான்." றெஜினா சிரித்துக்கொண்டு நிற்பாள்.

போன வசந்தத்தில் ஒரு தொலைக்காட்சிக் குழு கடைக்கு வந்தது. ஹலோவீனுக்குப் போடும் படமாம், பயமும் இருக்கும், சிரிப்பும் இருக்கும் என்றார்கள். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வாங்கிப் போகும் பழைய புடவைப் பெட்டியிலிருந்து பேய் கிளம்புவதுதான் கதை. பேயாக நடிக்க இருந்தவள் அன்று வரவில்லை. இயக்குநர் எலோடியின் கண் றெஜினாவின் நீண்ட முடியில் விழுந்தது. சற்று நேரத்தில் அவள் முகத்தில் சாம்பல் பூச்சு ஏறிவிட்டது.

"உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள், மந்திரம் மாதிரி. ஒருவருக்கும் விளங்காது," என்றாள் எலோடி.

றெஜினாவின் வாயில் முதலில் வந்தது 'அருள் நிறைந்த மரியே'. பேய் வேடத்தில் அதைச் சொல்ல நாக்கு கூசியது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கோபமாக! யாரோடாவது சண்டை பிடிக்கிற மாதிரி!"

அப்போது அது தானாகவே வந்தது.

"மச்சாளாம் மச்சாள்! சோறு போட்டனான் சோறு போட்டனான் எண்டு இன்னும் எத்தினை வருசமடி சொல்லுவாய்? உன்ரை சோறு இன்னும் என்ரை தொண்டைக்குள்ளை நிக்குதடி!"

மச்சாள் அற்புதராணியை அவள் ஒருநாளும் 'நீ' என்றுகூடச் சொன்னதில்லை. குழுவினர் கைதட்டினார்கள். எலோடி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் றெஜினாவின் சத்தம் கூடியது. அன்று மெட்ரோவில் போகும்போது அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

ஞாயிறு வரைதான் அந்த லேசு. செய்தி கேட்ட அற்புதராணி கோயில் வாசலில் அவளைக் கட்டிப்பிடித்தாள். "எங்கடை றெஜினா ரிவியிலை வரப்போறா!" என்று எல்லோருக்கும் சொன்னாள். றெஜினாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எலோடிக்கு போன் எடுத்து, அந்தப் பேச்சை வெட்ட முடியுமா என்று கேட்டாள்.

"படத்திலேயே நல்ல இடம் அதுதான்! யாருக்கு விளங்கப் போகிறது?"

பாரிசில் எத்தனை தமிழர் இருக்கிறார்கள் என்று றெஜினா சொல்ல வாயெடுப்பதற்குள் எலோடி போனை வைத்துவிட்டாள்.

ஹலோவீன் மாலை, படம் பார்க்க அற்புதராணி அக்கம்பக்கத்தவரை வீட்டுக்கு அழைத்திருந்தாள். முன்கூட்டியே சொல்லிவிடலாமென்று றெஜினா நேரத்தோடு போனாள். அற்புதராணி குசினியில் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், ஒரு விசயம்..."

"பிறகு சொல்லு. இதைப் பிரட்டு."

றெஜினா பிரட்டினாள். வாசல் மணி அடித்தது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

படத்தில் எலும்புக்கூடு படியில் உருள, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பெட்டி திறந்தது. றெஜினாவின் ஏச்சு ஒரு சொல்கூட மங்காமல் கேட்டது. அடுத்த கணம் வீடே சிரித்தது.

"ஐயோ றெஜினா, ஆருக்கு இந்த ஏச்சு?" என்றாள் பக்கத்து வீட்டு ஷிரோமி.

அற்புதராணியும் சிரித்தாள். கட்லட் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தட்டு நிறைய கட்லட் இருந்தது.

றெஜினா பின்னாலேயே போனாள். அற்புதராணி திரும்பவில்லை.

"நீங்கள் வந்து கொஞ்ச நாளிலை என்ரை மனிசனுக்கு வேலை போயிட்டுது," என்றாள். "உங்களுக்குச் சொல்லேல்லை. தெரிஞ்சால் வெளிக்கிட்டிடுவியள் எண்டு பயம். காலமை வேலைக்குப் போறமாதிரிப் போய், பூங்காவிலை இருந்திட்டு வருவார். அதை ஒருத்தருக்கும் சொல்லேலாமல், சோறு போட்டனான் எண்டதை மட்டும் சொல்லித் திரிஞ்சிட்டன் போலை."

"எனக்குத் தெரியாது, மச்சாள்."

"தெரியாதுதானே."

மன்னிப்புக் கேட்கிற சொல் றெஜினாவின் வாய்வரை வந்தது. அதற்குள் ஷிரோமி தண்ணீர் கேட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் சகல புனிதர் திருநாள். அற்புதராணியின் கணவருடைய கல்லறைக்கு இருவரும் பூச்சாடியோடு போனார்கள். றெஜினா ஈரத்துணியால் கல்லைத் துடைத்தாள். பூங்கா இருக்கையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. பக்கத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்க முடியவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள் வைத்துத்தான் கேட்டாள். "மச்சாள், வாற ஞாயிறு எங்கடை வீட்டை சாப்பிட வாறியளே?"

அற்புதராணி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பம்," என்றாள்.