பிரட்டுக்களத்துப் பந்துப்பாட்டுகள்

மஞ்சள்தூள் கரைத்துக் கொதிக்கவிட்ட தண்ணீரில் பழைய வேட்டியொன்று முங்கிக் கிடக்கும்போது எழும் வாசனையைச் சமையலோடோ கோயிலோடோ சேர்த்து நினைக்க என்னால் முடிவதில்லை. எனக்கு அது பிரேசில் நாட்டின் வாசனை. கால்பந்து உலகக் கோப்பை வரும் வருடத்து ஜூன் மாதத்தில், பீர்மேட்டு மழை தகரக் கூரையை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு அடுப்பில் அப்பா கொடிக்குச் சாயம் ஏற்றுவார். கடையில் விற்கும் கொடி வாங்க வழியில்லை என்று அம்மா அதைப் பொறுத்துக்கொண்டாலும், "குழம்புக்கு வச்சிருந்த மஞ்சப்பொடியையும் பிரேசில்காரன் தின்னுட்டானா?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

அப்பாவின் பெயர் சூசை. தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் பிரிவில் வேலை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம் குடியிருந்த மாடசாமி மாமா, மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றிவரும் லாரியின் டிரைவர். இருவரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். ஒருவர் வீட்டில் கறி வைத்தால் அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் போகும். ஆனால் அப்பா பிரேசில், மாமா அர்ஜென்டினா. அந்த ஒரு மாதம் மட்டும் எஸ்டேட்டே இரண்டாகப் பிரிந்து இவர்கள் பின்னால் நின்றது.

அந்தச் சண்டை நடந்தது மைதானத்தில் அல்ல, காலையில் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் 'பிரட்டு'க் களத்தில். கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்குமுன் ஒரு கட்சிக்காரர் எழுந்து பாட்டொன்று சொல்லவேண்டும். மறுநாள் காலைக்குள் எதிர்க்கட்சி பதில் சொல்லியாகவேண்டும். அப்பாவின் கொடி முதல் மழையிலேயே வெளுத்துப்போனபோது மாடசாமி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்:

"மஞ்சத்தூளு கரைச்சு முக்கி மாட்டிவச்ச கொடியப் பாரு,
மழை ஒண்ணு பேஞ்ச பின்னே மஞ்சள் போயி மோரு!"

அன்று கங்காணியே பெயர் கூப்பிட மறந்து சிரித்தார். கொழுந்து கிள்ளப் போன பெண்கள் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு அந்தப் பாட்டை எறிந்து விளையாடினார்கள். அப்பா சாயங்காலம் முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்திராதவள், "அர்ஜென்டினாக்காரன் போடுறது கோடு போட்ட சட்டைதானே? அதுலயே ஆரம்பிங்க, வரி தானா வரும்" என்று எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அப்பா களத்தில் நிமிர்ந்து நின்றார்:

"கோடு போட்ட சட்டைக்காரன் கோலடிக்கப் போனான்,
கோல்கீப்பரைப் பாத்ததுமே கும்பிட்டுட்டு வந்தான்!"

முதலில் விழுந்து விழுந்து சிரித்தவர் மாடசாமி மாமாதான். நல்ல பாட்டு எந்தக் கட்சியிலிருந்து வந்தாலும் அதைத் தன் பாட்டைப் போல ஊரெல்லாம் சொல்லித் திரிவது அவர் குணம்.

இப்படி ஒரு உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதுதான், ஒரு திங்கட்கிழமை ஃபேக்டரியில் சங்கு ஊதவில்லை. சம்பளம் பல மாதமாக இழுபறியில் இருந்தது எல்லோருக்கும் தெரியும்; மேனேஜர் குடும்பத்தோடு போய்விட்டதும் வாயிலில் பூட்டுத் தொங்குவதும் அன்றுதான் தெரிந்தது. யூனியன்காரர்கள் சீக்கிரம் திறந்துவிடுவார்கள் என்றார்கள். பிறகு, நாங்கள் டிவி பார்க்கும் எஸ்டேட் கிளப்புக்கு வந்த கரண்ட் நின்றது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அரிசி குறைந்து, கப்பைக் கிழங்கும் காட்டுக் கீரையுமாக அடுப்பு எரிந்தது. அப்போதும் ஆண்களும் பெண்களும் பழக்கம் விடாமல் காலையில் களத்துக்கு வந்து நின்றார்கள். பெயர் கூப்பிட ஆள் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது. ஜங்ஷன் டீக்கடை டிவியில் ஆட்டம் பார்த்துவந்தவர்கள் முடிவைச் சொல்ல, மாடசாமி மாமா பசித்த வயிற்றோடு பாட்டுக் கட்டினார். "சிரிச்சுக்கிட்டே இருங்கடே, நாம அழுதா மட்டும் மொதலாளி வந்து பூட்டத் தொறந்துருவானா?" என்பார்.

அந்த மழையில்தான் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் மனைவி பாக்கியம் அத்தை சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு இழுப்பது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. பூட்டிய ஆஸ்பத்திரியின் கதவை யாரோ போய்த் தட்டிவிட்டு வந்தார்கள். கடைசியில் அப்பாவும் நாலைந்து பேரும் அவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, சறுக்கும் பாதையில் மெயின் ரோடு வரை நடந்தார்கள். அம்மாவும் நானும் பிளாஸ்டிக் தாளை விரித்து அவர்மேல் மழை படாமல் பிடித்துக்கொண்டே போனோம்.

ஜீப்புக்காகக் காத்திருந்தபோது டீக்கடையிலிருந்து வந்த ஒருவர், அர்ஜென்டினா தோற்று வெளியேறிவிட்டது என்றார். மாமா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா அவர் தலைமாட்டில் குனிந்து, அங்கேயே கட்டிய பாட்டைச் சொன்னார்:

"வானம் நீலம், கொடியும் நீலம், வாங்குன அடியும் நீலம்,
வண்டன்மேட்டுல உங்க டீம கூவுறாங்க ஏலம்!"

வண்டன்மேட்டுச் சந்தையில் ஏலக்காயோடு ஏலத்துக்குப் போன தன் கட்சியை நினைத்து மாமா சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகத்தான் வந்தது. இருமல் அடங்கியதும், "இருடே மாப்ள... நாளைக்குப் பதில் சொல்லுதேன்" என்றார்.

மறுநாள் மாலை அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

காரியமெல்லாம் முடிந்த ஒரு காலையில் அப்பா களத்துக்குப் போனார். மற்றவர்களும் வந்திருந்தார்கள், வேறு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அர்ஜென்டினாக்காரர்கள் நிற்கும் பக்கம் போய் நின்றார். மாமாவின் பதிலை மாமாவுக்குப் பதிலாகத் தானே சொன்னார்:

"மஞ்சச் சட்டை போட்டதால மாப்பிள்ளைன்னு நெனைப்பு,
பந்து காலில் பட்டதுமே பதினொருத்தனுக்கும் களைப்பு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ஓரமாக நின்ற பாக்கியம் அத்தைதான் பேசினாள்: "அவுக இப்படிச் சொல்லியிருக்க மாட்டாக அண்ணே. இதவிட நல்லாச் சொல்லியிருப்பாக." அப்பா தலையாட்டினார். அத்தை களத்து மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு களத்தில் பாட்டு இல்லை. ஃபேக்டரியும் திறக்கவில்லை. பாக்கியம் அத்தை பிள்ளைகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். நாங்கள் எர்ணாகுளத்துக்கு வந்தோம். அப்பா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் ஆனார். சில வருடங்களுக்கு முன் எஸ்டேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கிள்ள ஆளில்லாத தேயிலைச் செடிகள் மரமாக உயர்ந்து நிற்கின்றன. களம் இருந்த இடத்தை அவற்றின் நடுவே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. லயங்களில் சில வீடுகளில் மட்டும், போக இடமில்லாத கிழவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் எஸ்டேட்டிலிருந்து சிதறிப்போனவர்களுக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. போன உலகக் கோப்பையின்போது அதில் கேலிப் பாட்டுகளாக வந்து குவிந்தன. ஒன்று நன்றாகவே இருந்தது. வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பின் சாயல் தெரிந்தது.

"யாரு கட்டுனது?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. எங்கிருந்தோ வந்தத யாரோ அனுப்பியிருக்காங்க."

"அப்ப யாருக்குப் பதில் சொல்றது?" என்றார் அப்பா.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.