காற்றில்லாத குரல்

‘கிளியர்’ என்ற சொல்லை நம் பக்கம் எதற்குத்தான் சொல்வதில்லை? சளி விட்டால் கிளியர். அரியர் பாஸானால் கிளியர். கம்பம் ரோட்டில் நெரிசல் தீர்ந்தால் கிளியர். சப்-ஸ்டேஷன் ஆபரேட்டராக இருந்த எனக்கோ அது ஓர் ஆளின் உயிர். லைன்மேன் போஸ்ட்டில் ஏறும் முன் போனில் ‘லைன் கிளியர்’ கேட்பார். நான் அந்தப் பக்கம் கரண்ட் போகும் ஃபீடரை ஆஃப் செய்து ஒரு நம்பர் கொடுப்பேன். வேலை முடிந்ததும், வாங்கிய ஆளே அந்த நம்பரைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் சுவிட்சைத் தொடலாம்.

சட்டம் அப்படி. ஆனால் ஆடிக்காற்றில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கம்பி அறுந்தால் நம்பரையெல்லாம் யார் சொல்கிறார்கள்? லைன்மேன் அந்தோணி “அக்கா, கிளியர்” என்பான். குரலை நம்பி நானும் போட்டுவிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் கிளியர் என்கிற பயல் அவன்.

அன்று பகல் பதினொரு மணி. பண்ணைப்புரம் பக்கம் அறுந்த கம்பியைக் கட்ட, என்னிடம் பதினேழாம் நம்பர் வாங்கிக்கொண்டு அந்தோணி ஏறியிருந்தான். வாழைக்காரர்கள் போன் போட்டு என் உயிரை எடுத்தார்கள்.

“ஆத்தா, கன்னெல்லாம் வாடுது. எப்பத்தா கரண்டு விடுவீக?”

வைத்ததும் மறுபடி மணி அடித்தது.

“அக்கா, கிளியர்.”

சத்தியமாக அந்தோணி குரல்தான். ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் பேனலுக்குப் போனேன். சுவிட்சில் கை வைத்தபோதுதான் உறைத்தது. வெளியே தகரக் கூரையே பிய்கிற காற்று. அந்தக் குரலுக்குப் பின்னால் மட்டும் காற்றே இல்லை. சாத்திய அறைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. ஓடிவந்து ரிசீவரை எடுத்தேன்.

“ஏலே, நம்பரச் சொல்லு.”

“அக்கா, கிளியர்.”

“எங்கன இருக்க?”

“அக்கா, கிளியர்.”

மூன்று தடவையும் இம்மி பிசகாமல் ஒரே தொனி. போனை வைத்துவிட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து மறுபடி மணி. இந்தத் தடவை போனுக்குள் காற்று இரைந்தது. எடுத்ததுமே நம்பரைக் கேட்டேன்.

“அக்கா, நம்பர் பதினேழு. ஆளு எறங்கியாச்சு, கம்பில மாட்டுன எர்த் ராடும் எடுத்தாச்சு. கிளியர்.”

“அப்ப முன்னாடி ஏண்டா கூப்பிட்ட?”

“நானா? இம்புட்டு நேரம் போஸ்ட்டு மேலல்ல இருந்தேன். போனு வண்டிப் பெட்டிக்குள்ளல்ல கெடந்துச்சு.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு பெண் பிள்ளைகளின் அப்பனை என் கையாலேயே கொன்றிருப்பேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

லைன் கலந்திருக்கும் என்றார்கள் ஆபீஸில். எவனோ விளையாடியிருப்பான் என்றார்கள். அந்தோணி மட்டும் மெதுவாகக் கேட்டான்: “திரும்பக் கூப்பிடுமாக்கா?”

அடுத்த ஆடியில் கூப்பிட்டது. போஸ்ட்டில் இருந்தது வேறு ஆள். குரலும் அவர் குரல். நம்பர் கேட்டேன்; திரும்பவும் ‘கிளியர்’ என்றது. போனை வைத்துவிட்டேன்.

இப்போது டூட்டி பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பழகிய குரல் என்று சுவிட்சில் கை வைக்காதீர்கள். நாளைக்கு நானே கூப்பிட்டாலும் நம்பரைக் கேளுங்கள்.